உச்சிவேளை வேட்டும் எட்டாம் வகுப்புச் சுவரும்

மேலநத்தமேட்டுக்கு உச்சிவேளையில் விருந்தாளியாகப் போகக் கூடாது. போனால் யாரும் "வாங்க, உக்காருங்க" என்று சொல்லமாட்டார்கள். கையில் ஒரு குண்டானைத் திணித்து, "இதைச் செத்தக் கீழ வைங்க" என்பார்கள். ஊருக்குக் கிழக்கே சிமெண்டுக் கம்பெனியின் சுண்ணாம்புக்கல் சுரங்கம். தினமும் பன்னிரண்டு மணிக்கு அங்கே வேட்டு வைப்பார்கள். அதற்குச் சற்று முன்னால் சைரன் அலறும். ஊரில் அதற்குச் சங்கு என்று பெயர். சங்கு ஊதியதும் பரணில் இருக்கிற பாத்திரம் பண்டமெல்லாம் தரைக்கு இறங்கிவிடும். தூளியில் தூங்குகிற பிள்ளை வாசலுக்கு வந்துவிடும். மளிகைக்கடைக்காரர் கண்ணாடி ஜாடிகளைத் தூக்கிக் கீழே வைப்பார். கல்யாணப் பந்தியாக இருந்தாலும் இலையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்துவிடுவார்கள். டமால்! பூமி ஒரு குதி குதிக்கும். கூரைமேல் பொடிக்கல் சடசடவென்று விழும். அது ஓய்ந்ததும் ஜாடி, பிள்ளை, பந்தி எல்லாம் பழைய இடத்துக்குப் போகும். பல வருஷமாக இப்படித்தான்.

சுரங்கத்துக்கு மிகப் பக்கத்தில் இருப்பது அரசு நடுநிலைப் பள்ளி. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் சுரங்கம் வந்தது என்றுதான் சொல்ல வேண்டும், பள்ளிக்கூடம் நடந்து போய்ச் சுரங்கத்தின் ஓரமாக உட்காரவில்லை. ஆனால் இதைச் சொன்னால் கம்பெனிக்காரர்களுக்குப் பொல்லாத கோபம் வரும்.

அந்தப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறவள் உண்ணாமலை. ஜெயங்கொண்டம் பக்கத்து விவசாயக் குடும்பம். பயந்த சுபாவம் என்று சொல்ல முடியாது, ஆனால் அரசாங்கக் காகிதம் என்றால் இரண்டு கையாலும் வாங்குகிற மரியாதை உண்டு. அவளுடைய வகுப்பறையின் கிழக்குச் சுவரில் ஒரு விரிசல். முதலில் தலைமுடி மாதிரி இருந்தது. பிறகு விரல் நுழைந்தது, இப்போது முழங்கை நுழைகிறது. சுவரே உள்பக்கமாகச் சாய்ந்து, எட்டாம் வகுப்பு என்னதான் படிக்கிறது என்று எட்டிப் பார்ப்பதுபோல நின்றது. அது ஒருநாள் பிள்ளைகள்மேல் விழும், அதற்குள் பிள்ளைகளை அந்த அறையைவிட்டு வெளியே கொண்டுவந்துவிட வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். கேட்டால் சின்ன விஷயம்.

"சார், சொவரு சாயுது. புள்ளைங்கள புளியமரத்தடியில வச்சிப் பாடம் நடத்திக்கிறேன்" என்று தலைமையாசிரியர் அங்கமுத்துவிடம் கேட்டாள்.

"மரத்தடியில வச்சா கரும்பலகை தெரியாது டீச்சர். கரும்பலகை தெரியலன்னா தினமும் அனுப்புற போட்டோ ஆப்புல ஏறாது."

"ஏறலன்னா என்ன சார்?"

"அன்னிக்கு வகுப்பே நடக்கலன்னு அர்த்தம். வகுப்பு நடக்கலன்னா நீங்க வரலன்னு அர்த்தம். நீங்க வரலன்னா..." அங்கமுத்து பெருமூச்சு விட்டார். அவருக்கு அடுத்த வருஷம் ஓய்வு. அதுவரைக்கும் எந்தச் சுவரும் தன் பக்கம் சாயக் கூடாது என்பதுதான் அவருடைய ஒரே பிரார்த்தனை.

மறுவாரம் ஒரு வேட்டில் விரிசலிலிருந்து காரைக்கட்டி ஒன்று பிய்ந்து, சங்கு கேட்டு ஓடியதில் பின்தங்கிய எட்டாம் வகுப்புச் சுவாதியின் மண்டையைப் பிளந்தது. உண்ணாமலை அந்தப் பெண்ணைத் தன் ஸ்கூட்டரில் முன்னால் நிறுத்திப் பிடித்துக்கொண்டு அரியலூர் ஆஸ்பத்திரிக்குப் பறந்தாள். முந்தானை முழுக்க ரத்தம். தையல் போட்டு முடித்த கையோடு, ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்து ஒரு மனு எழுதினாள். அந்த மனுவைப் படித்துப் பார்க்க ஆளும் வந்தார்.

வந்தவர் அரங்கநாதன். ஆற்றல் கல்வி இயக்ககம் என்று ஒன்று இருக்கிறது. அதில் பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து ஒருங்கிணைப்பு அலுவலர் அவர். அந்த வருஷத்தை இயக்ககம் 'ஆற்றல் ஆண்டு' என்று அறிவித்திருந்தது. ஆற்றலின் வகைகளையும் அவை ஒன்றிலிருந்து இன்னொன்றாக மாறுவதையும் பிள்ளைகள் உள்ளூர்ப் பொருள்களைக் கொண்டே கற்க வேண்டும் என்பது உத்தரவு. அரங்கநாதன் சட்டைக் கையை மடக்கிவிட்டு விரிசலுக்குள் கையை விட்டார். முழங்கை வரைக்கும் போனது. அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு! தலைப்பிள்ளையைக் கையில் வாங்கிய அப்பனுக்குக்கூட அவ்வளவு இருக்காது.

"டீச்சர், இப்ப எட்டாவதுக்கு என்ன பாடம்?"

"ஆற்றல் சார். அதோட வகைகள்."

"செய்முறைக்கு என்ன வச்சிருக்கீங்க?"

"ரப்பர் பேண்டு, பேட்டரி, பல்பு."

"அட போங்க டீச்சர்! டவுன்ல இருக்குற ஸ்கூல்ல பாவம், ரப்பர் பேண்ட இழுத்துக் காட்டுறாங்க. உங்களுக்குக் கம்பெனிக்காரன் பூமியையே இழுத்துக் காட்டுறான். வெடிமருந்துல வேதி ஆற்றல். வெடிச்சா வெப்பம், ஒளி, ஒலி. கல்லு பறந்தா இயக்க ஆற்றல். ஒரே டமால்ல பாடம் முடிஞ்சிபோச்சு! இதுக்குப் போயி மனுவா?"

"சார், சொவரு விழுந்துரும்னுதான் மனு."

"விழாம நிக்கிற வரைக்கும் அது நிலை ஆற்றல். விழுந்தா இயக்க ஆற்றல். ரெண்டுமே சிலபஸ்ல இருக்கு டீச்சர்."

அவர் சொன்னதில் அறிவியல்படி ஒரு பிழையும் இல்லை. அதுதான் உண்ணாமலைக்குப் பயமாக இருந்தது. கட்டுப் போட்ட தலையோடு நின்ற சுவாதியை அரங்கநாதன் பக்கத்தில் கூப்பிட்டு, விரிசல் தெரிகிற மாதிரி நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார்.

"வலிக்குதா பாப்பா?"

"வலிக்குது சார்."

"நரம்புல மின்சாரம் மாதிரி ஒண்ணு ஓடுது. அதான் வலி. குடுத்து வச்ச புள்ளை நீ! மத்தவங்க புக்குல படிக்கிறத மண்டையில வாங்கியிருக்க."

போவதற்கு முன் ஒரு பெயிண்டரை வரவழைத்து, விரிசலை நோக்கிச் சிவப்பில் ஓர் அம்புக்குறி போடச் சொன்னார். அம்பின் வாலில் 'நிலை ஆற்றல்' என்று எழுதப்பட்டது. ஒரு வாரத்தில் உத்தரவும் வந்தது. மேற்படி சுவர் கற்பித்தல் துணைக்கருவியாக ஏற்கப்படுகிறது. அதைப் பூசவோ, இடிக்கவோ, அதன் முன்னிலையில் அல்லாது வேறிடத்தில் வகுப்பு நடத்தவோ கூடாது.

அடுத்து அடிபட்டது கலியம்மாள். சத்துணவு சமைக்கிறவள். சங்கு ஊதியதும் ஊர் வழக்கப்படி பாத்திரத்தைக் கீழே இறக்குகிற அவசரத்தில் கொதிக்கிற சாம்பார் அண்டாவை அடுப்பிலிருந்து தூக்கினாள். தூக்கிக்கொண்டிருக்கும்போதே தேங்காய் அளவுக் கல் ஒன்று கூரையின் சிமெண்டுத் தகட்டைப் பிய்த்துக்கொண்டு நேராக அண்டாவுக்குள் இறங்கியது. சாம்பார் அப்படியே எழும்பி அவள் தோளிலும் கையிலும் மார்பிலும் விழுந்தது. அவள் அலறிய அலறலில் சுரங்கத்து லாரிக்காரர்களே வண்டியை நிறுத்திவிட்டார்கள். தோல் துணி மாதிரி உரிந்து வந்தது. உண்ணாமலை தண்ணீர்த் தொட்டியோடு அவளை அணைத்துப் பிடித்துக்கொண்டு குடம் குடமாக ஊற்றினாள்.

இயக்ககம் சும்மா இருக்குமா? பத்து நாளில் கலியம்மாளுக்கு 'வெப்ப ஆற்றல் தூதர்' என்று பட்டம் கொடுத்துவிட்டது. பள்ளியிலேயே விழா வைத்தார்கள். அரங்கநாதன் சரிகை போட்ட சால்வை ஒன்றை எடுத்து, சரியாக அந்த வெந்த தோளில் போர்த்தினார்.

"ஐயோ, எடுங்க சாமி, எரியுது!" என்று கத்தினாள் கலியம்மாள்.

"கேட்டீங்களா மாணவச் செல்வங்களே?" என்று மைக்கில் சொன்னார் அரங்கநாதன். "எரியுதுங்கிறாங்க. படிக்காத ஒரு அம்மா, வெப்ப ஆற்றல ஒரே வார்த்தையில விளக்கிட்டாங்க. கைத்தட்டுங்க."

பிள்ளைகள் உண்ணாமலையின் முகத்தைப் பார்த்தார்கள். யாரும் கைத்தட்டவில்லை. அங்கமுத்து மட்டும் தட்டினார், பாவம், அவருக்கு ஓய்வூதியம் வேண்டும்.

ஊருக்கு இதற்குமேல் பொறுக்கவில்லை. சுவாதியின் அப்பா செல்லமுத்து நாலு பேரைக் கூட்டிக்கொண்டு கம்பெனி வாசலுக்குப் போனார். கையில் கம்பு தடி எதுவும் கிடையாது. மகளின் மண்டையில் விழுந்த காரைக்கட்டியை ஒரு துண்டில் முடிந்து எடுத்துக்கொண்டு போனார், காட்டி நியாயம் கேட்கலாம் என்று. வாசல் காவலர்கள் அதை ஆயுதம் என்று முடிவுகட்டினார்கள். முடிவுகட்டியவர்கள் அடிக்கத் தொடங்கினார்கள், அடிக்கத் தொடங்கியவர்கள் லத்தி உடையும்வரைக்கும் நிறுத்தவில்லை. செல்லமுத்துவின் இடதுகால் எலும்பு இரண்டாக முறிந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. கூடப் போன கொளஞ்சிக்கு முன்பல் இரண்டும் போயின. சாயங்காலமே வழக்கும் பதிவாகிவிட்டது, அடித்தவர்கள்மேல் இல்லை, கம்பெனிச் சொத்தான லத்திகளைக் காலால் சேதப்படுத்தியதாகச் செல்லமுத்துமேல்.

சமாதானம் பேசச் சுரங்க மேலாளர் வேணுகோபாலே பள்ளிக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, சன்னமான குரல், பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சாக்லேட்டு.

"பாருங்க டீச்சர், உணர்ச்சிவசப்படாம கணக்குப் பாக்கணும்" என்றார். "லத்தி ஒடைஞ்சது மூணு. அவர் காலு ஒடைஞ்சது ஒண்ணு. நஷ்டம் யாருக்குன்னு நீங்களே சொல்லுங்க. நாங்க கேக்கிறமா? கேக்கல. அதுதான் கம்பெனியோட பெருந்தன்மை."

"சார், அவரு மனுசன் சார்!"

"லத்தி மட்டும் சும்மாவா வருது? சத்தியமங்கலத்துப் பக்கத்து மூங்கில் டீச்சர் அது."

தான் பைத்தியமா, அல்லது தன்னைச் சுற்றி இருக்கிறவர்கள் பைத்தியமா என்று உண்ணாமலைக்கு அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சந்தேகம் வந்தது. இரவெல்லாம் தூக்கமில்லை. விடிந்ததும் பஸ் பிடித்துப் பெரம்பலூருக்கே போனாள். இயக்ககத்தின் அலுவலகத்தில் அரங்கநாதனுக்கு எதிரே நின்று, "சார், உங்க கால்ல வேணும்னாலும் விழுறேன். அந்த ரூமை மட்டும் பூட்டச் சொல்லுங்க. நாலு மனு குடுத்துட்டேன். அதெல்லாம் எங்க போச்சு சார்?" என்றாள்.

அரங்கநாதன் அன்பாகச் சிரித்தார். "உக்காருங்க டீச்சர். நீங்க அறிவியல் படிச்சவங்க, நீங்களே இப்படிக் கேக்கலாமா? மனுவும் ஒரு ஆற்றல்தான். அதை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. ஒரு மேசையிலேருந்து இன்னொரு மேசைக்கு மாத்தத்தான் முடியும். உங்க மனு அரியலூர்ல விசாரணையா மாறிச்சு. இங்க வந்து கருத்துருவா மாறிச்சு. சென்னைக்குப் போயி விழாவா மாறியிருக்கு."

"விழாவா?"

"உங்க ஸ்கூல 'மாதிரி ஆற்றல் பள்ளி'ன்னு அறிவிச்சாச்சு. வர்ற வியாழக்கிழமை விழா. எட்டாவது ரூம்லதான். நாங்க சுவரோரமா நாற்காலி போட்டு உக்காந்துக்குவோம். புள்ளைங்க எங்களப் பார்த்தமாதிரி தரையில உக்காரணும். பன்னண்டு மணி வேட்டு நேரடிச் செய்முறை. சுவர் அதிர்றதப் புள்ளைங்க கண்ணால பாக்கணும்."

"சார், புள்ளைங்க செத்துப்போயிரும் சார்."

அரங்கநாதனின் சிரிப்பு நின்றது. "விழாவுக்கு முன்னாடி அபசகுனமாப் பேசுறீங்க. ஒரு பதினேழு பி சார்ஜ் மெமோ போட்டா உங்க இன்கிரிமெண்ட்டு என்ன ஆகும், தெரியும்ல? போயிட்டு வாங்க."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வரும்போது உண்ணாமலை அழுதாள். அழுது முடித்ததும் அவளுக்கு ஒன்று தோன்றியது. சங்குதான் இருக்கிறதே! சங்கு ஊதினால் மேலநத்தமேட்டில் எந்தப் பிள்ளையும் கூரைக்குக் கீழே நிற்காது. பால்குடி மறக்கும்போதே பழகிய பழக்கம் அது. கலெக்டரே வந்து கையைப் பிடித்து நிறுத்தினாலும் உதறிவிட்டு ஓடும். மறுநாள் வகுப்பில் வெளிப்படையாகவே சொன்னாள். "வியாழக்கிழமை யாரு பேசிக்கிட்டு இருந்தாலும் சரி. சங்கு ஊதினா எந்திரிச்சு ஓடிரணும். கேட்டுக்கிட்டீங்களா?" பிள்ளைகள் தலையாட்டினார்கள். அன்று அவள் ஒழுங்காகச் சாப்பிட்டாள்.

வியாழக்கிழமை பத்து மணிக்கே பந்தலும் வாழைமரமும் வந்துவிட்டன. புளியமரத்தில் ஊருக்கே கேட்கிற மாதிரி இரண்டு குழாய் ஒலிபெருக்கி கட்டினார்கள். சுவருக்கு முதுகு காட்டி அரங்கநாதனும் வேணுகோபாலும் சிம்மாசன நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். அவர்கள் தலைக்கு மேலே சிவப்பு அம்பு. எதிரே தரையில் எட்டாம் வகுப்பு முழுக்க நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது, முதல் வரிசையில் சுவாதி. அங்கமுத்து வாசலில் நின்று உள்ளே ஒரு கண்ணும் டீ வருகிறதா என்று வெளியே ஒரு கண்ணுமாக இருந்தார். வரவேற்புரை, வாழ்த்துரை, பொன்னாடை, மறுபடி வாழ்த்துரை. உண்ணாமலை ஜன்னலோரம் நின்று சங்குக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

அரங்கநாதன் மைக்கைப் பிடித்தார். அவர் ஒரு பேச்சைத் தொடங்கினால் அது சாமானியத்தில் முடியாது.

"மாணவச் செல்வங்களே! ஆற்றல் எங்கே இருக்கிறது? நிலக்கரியிலா? சூரியனிலா? இல்லை. பதவியில் இருக்கிறது! நான் ஒரு கையெழுத்துப் போட்டால் இந்த மாவட்டத்தில் ஓர் ஆசிரியர் வேறு மாவட்டத்துக்குப் பறக்கிறார். அவரைத் தூக்கிப் போட எந்த எந்திரமும் தேவையில்லை. இதைவிடச் சிக்கனமான இயக்க ஆற்றல் உலகத்தில் உண்டா? சிலர் கேட்கிறார்கள், பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு வேண்டாமா என்று. நான் கேட்கிறேன், பாதுகாப்பாக இருந்த எந்தப் பொருளாவது ஆற்றலை வெளிவிட்டதுண்டா? நெல்லைக் குத்தினால்தான் அரிசி. கல்லை உடைத்தால்தான் சிமெண்டு. நம் இயக்ககம் உங்களை அப்படித்தான் பார்க்கிறது!"

வேணுகோபால் கைத்தட்டினார்.

"இந்த நேரத்தில் நண்பர் வேணுகோபால் அவர்களுக்கு நன்றி சொல்லியாக வேண்டும். விழாவில் பேச்சுக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்று, நான் கேட்டுக்கொண்ட ஒரே வார்த்தைக்காக, இன்றைக்கு ஒருநாள் சங்கு ஊத வேண்டாம் என்று உத்தரவு போட்டிருக்கிறார். வேட்டு மட்டும் சரியான நேரத்துக்கு உண்டு!"

உண்ணாமலை கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டுக்கு இன்னும் சொற்ப நேரம்தான். வாசலுக்கு ஓடி, "சார், சங்கு இல்லயாம் சார்! புள்ளைங்கள எழுப்புங்க!" என்று அங்கமுத்துவின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"விழா நடந்துக்கிட்டு இருக்குல்ல டீச்சர். நாட்டுப்பண் பாடாம எப்படி எழுப்புறது?"

ஊரார் வீடுகளில் பாத்திரங்கள் பரணில் இருக்கின்றன. பிள்ளைகள் தூளியில் இருக்கின்றன. செல்லமுத்து மாவுக்கட்டுக் காலோடு கட்டிலில் மல்லாந்து கிடக்கிறார். இங்கே எட்டாம் வகுப்பு விழப்போகிற சுவரை வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. அரசாங்கக் காகிதத்தை இரண்டு கையாலும் வாங்குகிற உண்ணாமலை, அதே இரண்டு கையாலும் அரங்கநாதனின் நெஞ்சில் ஓங்கி ஒரு தள்ளுத் தள்ளினாள். அவர் நாற்காலியில் பொத்தென்று விழுந்தார். "ஏய்!" என்று எழுந்த வேணுகோபாலின் கன்னத்தில் பளாரென்று ஓர் அறை விழுந்தது. மைக்கைப் பிடுங்கி, தொண்டை கிழிய, சங்கு மாதிரியே ஊளையிட்டாள்.

"ஊ... ஊஊஊ... ஊஊஊஊ!"

சிரிப்பதற்கு யாருக்கும் நேரம் இல்லை. பிள்ளைகளின் மூளைக்கு எட்டுவதற்கு முன்பே கால்களுக்கு எட்டிவிட்டது. பையைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு ஒருவரை ஒருவர் இடித்துத் தள்ளி வாசலில் பாய்ந்தார்கள். அங்கமுத்துவை அந்த வெள்ளம் அப்படியே அடித்துக்கொண்டு போய்ப் புளியமரத்தடியில் போட்டது. குழாய் வழியாக ஊருக்குள்ளும் சத்தம் போயிற்று. இன்றைக்குச் சங்குக்குத் தொண்டை கட்டியிருக்கிறதோ என்று யோசித்துக்கொண்டே பெண்கள் பாத்திரங்களை இறக்கினார்கள். கொளஞ்சியும் இன்னொருவரும் செல்லமுத்துவைக் கட்டிலோடு தூக்கித் தெருவில் வைத்தார்கள்.

உண்ணாமலை கடைசியாகச் சுவாதியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடும்போது, "சார், நீங்களும் வாங்க சார்!" என்று திரும்பிப் பார்த்துக் கத்தினாள். அரங்கநாதன் சட்டையை நீவிவிட்டுக்கொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"அனுமதி இல்லாம ஊதின சங்குக்கு நாங்க எந்திரிக்க மாட்டோம்!" என்றார். கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்த வேணுகோபாலும், "எங்க வேட்டு அவ்வளவும் கட்டுப்பாடான வேட்டு" என்று ஆமோதித்தார்.

கட்டுப்பாடான வேட்டு வெடித்தது. பூமி குதித்தது. சுவர் ஒரு கணம் யோசித்து, பிறகு முடிவெடுத்து, அம்புக்குறியோடு உள்ளே விழுந்தது. கூரையின் பாதியும் கூடவே வந்தது. செங்கல் தூசி எழும்பிப் புளியமரத்தையே மூடிவிட்டது. தூசிக்குள்ளிருந்து இரண்டு குரல்கள் அம்மா அம்மா என்று அலறின. ஆபத்தென்றால் ஆற்றல் அலுவலர்களும் அம்மாவைத்தான் கூப்பிடுகிறார்கள்.

தோண்டி எடுத்தது ஊர்க்காரர்கள்தான். கட்டுப் போட்ட கையோடு கலியம்மாள் செங்கல்லை அள்ளிப் போட்டாள். பல் போன கொளஞ்சி இரும்புக் கம்பியைத் தோளால் முட்டுக்கொடுத்துத் தூக்கினான். அரங்கநாதனின் தாடை மூன்று துண்டாகி, வாய் காதுப் பக்கம் திரும்பியிருந்தது. வேணுகோபாலின் இரண்டு காலும் முழங்காலுக்குக் கீழே நசுங்கிச் சக்கையாகிவிட்டன. செல்லமுத்துவை இறக்கிவிட்டு அவருடைய கட்டிலில்தான் வேணுகோபாலை ஆம்புலன்ஸ் வரைக்கும் சுமந்தார்கள். "பாத்துத் தூக்குங்கடா, காலு வலிக்கும்" என்று சொன்னது செல்லமுத்து. மனுஷர்கள் சில ஊரில் இன்னும் அப்படி இருக்கிறார்கள், என்ன செய்ய!

பிள்ளைகளில் ஒன்றுக்கும் கீறல் இல்லை. உண்ணாமலை ஒவ்வொன்றின் தலையையும் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, மரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்து குமுறிக் குமுறி அழுதாள். போதும், இனிமேல் இந்த அதிகாரிகளுக்குப் புத்தி வந்துவிடும் என்று நினைத்தாள். நம்மைப் போன்றவர்கள் எப்போதும் அப்படித்தான் நினைக்கிறோம்.

தாடைக்குக் கம்பி கட்டியிருந்ததால் அரங்கநாதனால் பேச முடியவில்லை. ஆனால் எழுத முடிந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்தே அறிக்கை எழுதினார். அது மேலே போய் உத்தரவாகத் திரும்பி வந்தது. சனிக்கிழமை சாயங்காலம் அங்கமுத்து அதை உண்ணாமலையின் வீட்டுக்கே கொண்டுவந்து, வாசித்தார்.

உயர் அலுவலரைத் தள்ளியதும், விருந்தினரை அறைந்ததும், அதிகாரம் இன்றி ஒலி எழுப்பியதும் சாதாரணக் குற்றங்களாம். அவற்றுக்குப் பணியிடை நீக்கம் போதுமாம். பெருங்குற்றம் வேறு. சுவரின் நிலை ஆற்றல் இயக்க ஆற்றலாக மாறும் அரிய தருணத்தில், அதைக் காண வேண்டிய மாணவர் ஒருவர்கூட அறையில் இல்லாதபடி உண்ணாமலை செய்துவிட்டாள். செய்முறை முழு வெற்றி, சுவர் தன் கடமையைச் செவ்வனே செய்தது. ஆனால் கற்றல் விளைவு பூஜ்யம். ஆகவே, மாணவர் நலன் கருதி, செய்முறை திங்கட்கிழமை உச்சிவேளையில் மீண்டும் நடத்தப்படும். ஆறாம் வகுப்பு அறையின் சுவர் ஆய்வு செய்யப்பட்டது, அதில் போதிய விரிசல் உள்ளது. ஆறாம் வகுப்பும் எட்டாம் வகுப்பும் ஒருங்கே அமர்த்தப்படும். வாசல் வெளிப்பக்கமாகத் தாழிடப்படும்.

"ஆறாவதுல உள்ளதெல்லாம் இத்துணூண்டு புள்ளைங்க சார்" என்றாள் உண்ணாமலை.

"நான் என்ன டீச்சர் பண்றது? கீழ கையெழுத்துப் போடுங்க."

அவள் போடவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அங்கமுத்து வெகுநேரம் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மேலநத்தமேட்டுக்கு வந்து இறங்கிய உண்ணாமலை நேராகக் கலியம்மாள் வீட்டுக்குப் போனாள். "யக்கா, வூட்ல கடப்பாரை இருக்கா?" என்று கேட்டாள். எதற்கு என்று கலியம்மாள் கேட்கவில்லை. கொல்லைப்பக்கத்திலிருந்து எடுத்துவந்து கொடுத்துவிட்டு, பக்கத்து வீட்டில் இன்னொன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு தானும் கூடவே நடந்தாள். கொளஞ்சி சம்மட்டியோடு வந்தான். தெருவில் பார்த்தவர்களெல்லாம் பின்னால் சேர்ந்தார்கள்.

ஆறாம் வகுப்பு அறை காலியாக இருந்தது. உண்ணாமலை ஒவ்வொரு பெஞ்சுக்கு அடியிலும் குனிந்து பார்த்து, யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு வெளியே வந்தாள். புடவையை இழுத்துச் செருகினாள். கடப்பாரையை ஓங்கி விரிசலில் ஒரு குத்துக் குத்தினாள். கை விண்ணென்று தெறித்தது. மறுபடி குத்தினாள். சுவாதியின் தலைக்கு ஒன்று, கலியம்மாளின் தோலுக்கு ஒன்று, செல்லமுத்துவின் எலும்புக்கு ஒன்று என்று குத்தக் குத்த அவளுக்கு மூச்சு இரைத்தது, ஆனால் நெஞ்சு லேசாகிக்கொண்டே வந்தது. கலியம்மாள் இந்தப் பக்கம், கொளஞ்சி அந்தப் பக்கம். கடைசியில் எல்லாரும் தள்ளி நின்றுகொள்ள, சுவர் தடதடவென்று வெறும் தரையில் விழுந்தது. அதற்குக் கீழே ஒரு எறும்புக்குக்கூட அடிபட்டிருக்காது.

யாரோ போன் போட்டிருக்க வேண்டும். அங்கமுத்து லுங்கியோடு மொபெட்டில் வந்து குதித்தார்.

"ஐயோ டீச்சர்! நாளைக்கு விழாவை வச்சிக்கிட்டு... சொவரே இல்லன்னா நான் மேல என்னன்னு எழுதுவேன்? எந்த ஆற்றல்னு எழுதுவேன்?"

உண்ணாமலை முகத்தில் வழிந்த வியர்வையைப் புறங்கையால் துடைத்தாள்.

"கோவம்னு எழுதுங்க சார்" என்று சொல்லிவிட்டு, கடப்பாரையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஏழாம் வகுப்பு அறைக்குப் போனாள்.